புது நகரத்தில் அரசுப் பள்ளியை எடைபோடுவது எப்படி?

பெரிய நகரத்துக்குக் குடிபோகிறவர்கள் பள்ளி தேடும்போது இணையத்தில் தரவரிசையைப் பார்க்கிறார்கள், பிறகு அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். இரண்டிலும் கிடைப்பது பெரும்பாலும் ஒரே தகவல்தான்: வசதியான வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பது. பிள்ளைகளின் மதிப்பெண்ணில் குடும்பச் சூழலுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு 1966-இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. அதன்பின் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையேதான் சொல்கின்றன. ஆகவே நீங்கள் தேட வேண்டியது வேறு ஒன்று. உள்ளே வந்த பிள்ளைக்கு, அது எந்த நிலையில் வந்திருந்தாலும், இந்தப் பள்ளி என்ன சேர்த்துக் கொடுக்கிறது? இதற்கு ஒரே எண்ணில் பதில் கிடைக்காது. ஆனால் ஒரு வாரம் ஆவணங்களோடும், இன்னொரு வாரம் நேரிலும் செலவழித்தால் ஓரளவு உறுதியாகவே கணித்துவிடலாம்.

முதலில் எல்லை, அப்புறம் பள்ளி

பல நகரங்களில் வீட்டு முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. சில நகரங்களில் விண்ணப்பமும் குலுக்கலும். இன்னும் சிலவற்றில் இரண்டும் கலந்திருக்கும். உங்கள் நகரம் எந்த வகை என்று தெரியாமல் பள்ளிகளை அலசுவது வீண் வேலை.

எல்லைப் பகுதியைக் கல்வி அலுவலகத்தின் இணையதளத்தில் கதவு எண்ணோடு தேடுங்கள். வீட்டுத் தரகர் சொல்வதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எல்லைக்கோடு பல இடங்களில் தெருவின் நடுவில் போகும். எதிர்வீடு ஒரு பள்ளி, உங்கள் வீடு இன்னொரு பள்ளி என்றாகிவிடும். அடுத்த ஆண்டு எல்லையை மாற்றும் திட்டம் இருக்கிறதா என்றும் அதே அலுவலகத்தில் கேளுங்கள். புதுக் குடியிருப்புகள் எழும்பும் பகுதியில் இது அடிக்கடி நடக்கும். எல்லைக்குள் இருந்தாலே இடம் உறுதியா, இடம் நிரம்பினால் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது தேதிகள். விண்ணப்பம் தொடங்கும் நாள், முடியும் நாள், காத்திருப்புப் பட்டியல் நகரும் மாதம், ஆண்டின் நடுவில் சேர முடியுமா என்ற நான்கையும் முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பள்ளி கைநழுவிப் போவதற்கு அடிக்கடி காரணமாவது தேதி தப்பியதுதான்.

பிறகு வரைபடத்தில் பயண நேரத்தைப் பாருங்கள், அதுவும் பள்ளி தொடங்கும் நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை 15 நிமிடம் காட்டும் பாதை திங்கட்கிழமை காலையில் 45 நிமிடமாகும். ஒரு வழிக்கு எவ்வளவு நேரம் உங்களால் தாங்க முடியும் என்று ஒரு வரம்பு வைத்து, அதற்குள் வரும் நான்கைந்து பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பட்டியல் நீண்டால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

எண்களை எங்கே எடுப்பது

இடைத்தரகு இணையதளங்கள் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண் போட்டுக் கொடுப்பதை விட்டுவிட்டு மூல விவரத்துக்குப் போங்கள். அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் பள்ளிவாரியாக அறிக்கை வெளியிட வேண்டும். தேர்வு முடிவோடு, ஒரு மாணவருக்கு ஆகும் செலவும் அதில் வரும். இங்கிலாந்தில் அரசின் ஒப்பீட்டு அட்டவணைகளும், பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வறிக்கைகளும் உள்ளன. ஆஸ்திரேலியாவில் 2010 முதல் ‘மை ஸ்கூல்’ தளம் இருக்கிறது. இந்தியாவில் யூடைஸ் பிளஸ் தளத்தில் மாணவர், ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை விவரங்களைப் பள்ளிவாரியாகப் பார்க்கலாம்.

ஒற்றை எழுத்து, ஒற்றைச் சொல் மதிப்பீடுகள் பார்க்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றைக் கொடுத்தவர்களே கைவிட்டிருக்கிறார்கள். நியூயார்க் நகரம் 2007-இல் பள்ளிகளுக்கு ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை எழுத்து போடத் தொடங்கி 2014-இல் நிறுத்தியது. இங்கிலாந்து அரசுப் பள்ளிகளுக்கான ஒரு சொல் தீர்ப்பை ஆஃப்ஸ்டெட் 2024 செப்டம்பரில் நிறுத்தியது. பழைய அறிக்கை கையில் கிடைத்தால் மேலே இருக்கும் அந்த ஒரு சொல்லைத் தாண்டி, உள்ளே ‘என்ன முன்னேற வேண்டும்’ என்று எழுதியிருக்கும் பத்தியைப் படியுங்கள். அந்த ஆய்வு நடந்த தேதியையும் பாருங்கள். ஆய்வுக்குப் பிறகு தலைமையாசிரியர் மாறியிருந்தால் அறிக்கையின் மதிப்பு பாதியாகிவிடும்.

தேர்ச்சி விகிதத்தைப் பிரித்துப் பார்ப்பது

அதிகம் ஏமாற்றுவது இந்த எண்தான். அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம்.

தேர்வு எழுதியவர் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். 25 பேர் எழுதினால் ஒரு பிள்ளை என்பது 4 சதவீதம். போன ஆண்டு 88, இந்த ஆண்டு 80 என்றால் இரண்டு பிள்ளைகள் தவறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிறிய பள்ளிக்கு மூன்று ஆண்டுச் சராசரி இல்லாமல் எதுவும் சொல்லக் கூடாது.

அடுத்து, எழுதாமல் போனவர்கள். ஒன்பதாம் வகுப்பில் 120 பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வை 88 பேர் எழுதினார்கள், 84 பேர் தேர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வாசலில் 95 சதவீதம் என்று பேனர் தொங்கும். 120-இலிருந்து கணக்கிட்டால் 70. மீதி 32 பேர் எங்கே? நகரத்தில் குடும்பங்கள் வீடு மாறுவது சகஜம், எல்லாவற்றையும் பள்ளியின் தலையில் போட முடியாது. ஆகவே அருகிலுள்ள இரண்டு மூன்று பள்ளிகளுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். மற்றவற்றில் பத்து சதவீதம் குறைந்து இங்கே மட்டும் கால்வாசி குறைந்தால், பலவீனமான பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்பே வெளியே தள்ளும் பழக்கம் இருக்கலாம். உங்கள் பிள்ளைக்கு ஒரு மோசமான ஆண்டு வந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த எண் முன்கூட்டியே சொல்லிவிடும்.

மூன்றாவது, ஒரே கூரைக்குள் இரண்டு பள்ளிகள். பெரிய நகரங்களில் அரசுப் பள்ளிக்குள்ளேயே நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் சிறப்புப் பிரிவு இருக்கும். 160 பேர் தேர்வு எழுதுகிறார்கள்; சிறப்புப் பிரிவின் 40 பேரில் 38 பேரும், பொதுப் பிரிவின் 120 பேரில் 66 பேரும் தேர்ச்சி பெறுகிறார்கள். மொத்தம் 65 சதவீதம். சிறப்புப் பிரிவே இல்லாத பக்கத்துப் பள்ளி 62 சதவீதம். பட்டியலில் முதல் பள்ளி மேலே நிற்கும். ஆனால் பொதுப் பிரிவில் சேரப்போகும் பிள்ளைக்கு ஒப்பிட வேண்டியது 55-ஐயும் 62-ஐயும். பிரிவுவாரி முடிவைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தாண்டி, வளர்ச்சியைக் காட்டும் அளவீடு உங்கள் நகரத்தில் இருந்தால் அதற்கே முதல் மரியாதை. இங்கிலாந்தின் ‘புரோகிரஸ் 8’ இதற்கு நல்ல உதாரணம். 11 வயதில் ஒரே நிலையில் இருந்த பிள்ளைகள் 16 வயதில் எங்கே நிற்கிறார்கள் என்று நாடு முழுக்க ஒப்பிடுகிறது. பூஜ்யம் என்றால் நாட்டுச் சராசரி, 0.5 என்றால் அதே தொடக்க நிலையில் இருந்தவர்களைவிட ஒவ்வொரு பாடத்திலும் சராசரியாக அரை கிரேடு மேலே. இதிலும் ஓட்டை உண்டு: 2020, 2021-இல் 11 வயதுத் தேர்வு நடக்காததால் அந்தப் பிள்ளைகள் 16 வயதை எட்டிய ஆண்டுகளுக்கு இதைக் கணக்கிட வழியில்லை. ஆஸ்திரேலியத் தளம் வேறு வழியில் போகிறது. பெற்றோரின் படிப்பு, தொழில், பள்ளியின் இருப்பிடம் போன்றவற்றை வைத்து ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பின்னணிக் குறியீடு, சராசரி 1000. ஒத்த பின்னணி மாணவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உங்கள் நகரத்தில் இப்படி எதுவும் இல்லையென்றால் நீங்களே செய்யலாம். உதவித்தொகையோ இலவச உணவோ பெறும் மாணவர்களின் சதவீதத்தைப் பள்ளிக்கு நேராக எழுதி, அது ஏறக்குறைய சமமாக இருக்கும் பள்ளிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அந்தக் கூட்டத்துக்குள் எது மேலே நிற்கிறதோ அதுதான் பார்க்க வேண்டிய பள்ளி. ஏழைப் பிள்ளைகள், அந்த நகரத்து மொழியை வீட்டில் பேசாத பிள்ளைகள், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் என்று தனித்தனியாக முடிவு கிடைத்தால் அதையும் எடுங்கள். புதிதாக வருகிற குடும்பம் இதில் மொழி பற்றிய முடிவைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஆண்டில் 20, 30 புள்ளி தாவியிருந்தால் கைதட்டுவதற்கு முன் நிதானிக்கவும். அட்லாண்டா நகரத்தில் 2011-இல் வந்த மாநில விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர் தேர்வு முறைகேட்டில் சம்பந்தப்பட்டதாகச் சொன்னது. தவறான விடையை அழித்துச் சரியான விடையாகத் திருத்தியிருந்த விடைத்தாள்கள் இயல்புக்கு மீறி இருந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. மதிப்பெண்ணை வைத்தே பள்ளிக்குப் பரிசும் தண்டனையும் கொடுத்தால் மதிப்பெண் மட்டும் வளரும்.

வருகைப் பதிவு சொல்லும் கதை

சராசரி வருகை 94 சதவீதம் என்றால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். நூறு பேரில் 80 பேர் 97.5 சதவீதமும் 20 பேர் 80 சதவீதமும் வந்தாலும் சராசரி 94 தான். அதனால் ‘பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவர்கள் எத்தனை பேர்’ என்று கேளுங்கள். 180 நாள் ஆண்டில் அது 18 நாள், மாதத்துக்கு இரண்டு நாள். ஒத்த பின்னணிப் பள்ளிகளில் இந்த எண் எங்கே குறைவோ, அங்கே யாரோ ஒருவர் காலையில் தொலைபேசி எடுத்து ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கிறார் என்று அர்த்தம். விளம்பரத்துக்காக யாரும் இந்த எண்ணை மெருகேற்றுவதில்லை என்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

ஆசிரியர்கள் நிற்கிறார்களா?

‘ஆசிரியர்–மாணவர் விகிதம் 1:15’ என்பது வகுப்பில் 15 பேர் என்றாகாது. 600 மாணவர், 40 ஆசிரியர் உள்ள பள்ளியில் 20 வகுப்புகள் இருந்தால், வகுப்புக்கு 30 பேர். உடற்கல்வி, ஓவியம், சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் எல்லாரும் அந்த 40-க்குள் இருப்பார்கள். உங்கள் பிள்ளை சேரும் வகுப்பில் எத்தனை பெயர் என்று நேரடியாகக் கேளுங்கள். முதல் மூன்று வகுப்புகளுக்கு இது கூடுதல் முக்கியம். டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த பெரிய சோதனையில், 22–25 பேர் வகுப்புகளைவிட 13–17 பேர் வகுப்புகளில் சின்னப் பிள்ளைகள் தெளிவாக நன்றாகக் கற்றார்கள். 32-க்கும் 29-க்கும் இடையே அப்படிப்பட்ட வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

எண்ணிக்கையைவிட நிலைத்திருப்பது பெரிது. மூன்று கேள்வி போதும்: போன ஆண்டு இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு இல்லை? தலைமையாசிரியர் வந்து எத்தனை ஆண்டாகிறது, அவருக்கு முன் ஐந்தாண்டில் எத்தனை பேர் மாறினார்கள்? கணக்கும் அறிவியலும் நிரந்தர ஆசிரியர் எடுக்கிறாரா, தற்காலிக ஆளா? முப்பது பேரில் இரண்டு மூன்று பேர் ஓய்வு, மாற்றல், பிரசவ விடுப்பு என்று போவது இயல்பு. ஆண்டுதோறும் எட்டுப் பத்து பேர் கிளம்பினால், வெளியே தெரியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நகரத்துத் தொடக்கப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஐந்து அம்சங்களைப் பிரித்தார்கள்: தலைமை, ஆசிரியர்கள் கூடி வேலை செய்வது, குடும்பங்களின் பங்கு, பாதுகாப்பான சூழல், சவாலான பாடம். இவற்றில் மூன்றிலாவது வலுவாக இருந்த பள்ளிகள் கணிசமாக முன்னேறும் வாய்ப்பு, பலவீனமான பள்ளிகளைவிடப் பத்து மடங்கு. உங்கள் நகரத்தில் மாணவர், ஆசிரியர் கருத்துக்கணிப்பு வெளியானால் அதில் ஆசிரியர்கள் சொன்னதை முதலில் படியுங்கள். எத்தனை சதவீதம் பேர் பதில் கொடுத்தார்கள் என்பதையும். பாதிக்கும் குறைவானவர்கள் பதில் கொடுத்த கணிப்பு அதிகம் தாங்காது.

நேரில் போகும் நாள்

‘பெற்றோர் திறந்த நாள்’ அன்று போனால் நாடகத்தைப் பார்க்கலாம். சாதாரண செவ்வாயோ புதனோ அனுமதி கேட்டுப் போங்கள். வகுப்புக்குள் விடமாட்டார்கள் என்றால் பள்ளி தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்பும், விடும் நேரத்திலும் வாசலில் நில்லுங்கள். வாசலில் நிற்கும் ஆசிரியர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, ‘ஏய், வரிசையில வா’ என்று மட்டும் சொல்கிறாரா? தாமதமாக வரும் பிள்ளையை என்ன செய்கிறார்கள்? பதினைந்து நிமிடம் வெளியே நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு முதல் பாடம் தினமும் போகிறது.

உள்ளே போனால் கழிப்பறையைப் பாருங்கள், மாணவர்களுடையதை. தண்ணீர், சோப்பு, உள்பக்கத் தாழ்ப்பாள். பாட நேரத்தில் பூட்டி வைத்திருக்கிறார்களா? பல பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வகுப்பில் பத்து நிமிடம் கிடைத்தால் ஆசிரியரை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சைக் கவனியுங்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார்; முன்வரிசையில் அதே மூன்று கைகள் எழுகின்றன; அவர்களில் ஒருவர் சொன்னதும் பாடம் நகர்ந்துவிடுகிறது என்றால் மற்ற முப்பது பேர் பார்வையாளர்கள். கேள்விக்குப் பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மனதுக்குள் எண்ணுங்கள். 1970-களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது ஆசிரியர்கள் வழக்கமாக ஒரு வினாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவது நோட்டுதான். ஒரே வகுப்பின் மூன்று நோட்டுகளை, ‘நல்லாப் படிக்கிற பிள்ளை’யுடையது மட்டும் இல்லாமல், காட்டச் சொல்லுங்கள். தேதிகளைப் பாருங்கள்: நடுவில் இரண்டு வாரம் காணோம் என்றால் அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். மூன்று நோட்டிலும் ‘மழை எவ்வாறு உருவாகிறது’ என்பதற்குக் காற்புள்ளி உட்பட ஒரே பதில் இருந்தால் அது சொல்லக் கேட்டு எழுதியது. பிள்ளைக்குப் புரிந்ததா என்பது யாருக்கும் தெரியாது. கணக்கு நோட்டில் 403-இலிருந்து 178-ஐக் கழித்து 375 என்று எழுதியிருக்கிறது, பக்கத்தில் சிவப்பு மையில் டிக். ஒவ்வொரு இலக்கத்திலும், எது மேலே எது கீழே என்று பார்க்காமல், பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கும் வழக்கமான குழப்பம் இது. நோட்டைத் திருத்தியவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், படிக்கவில்லை. தவறைச் சுழித்து, கீழே பிள்ளை மறுபடி போட்டு 225 என்று சரியாக வந்திருந்தால், அந்த வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று தைரியமாகச் சொல்வேன்.

கணினி அறை, ஸ்மார்ட் போர்டு, வாசல் வளைவு எல்லாம் நிதி வந்த ஆண்டைக் காட்டும். நூலகத்தில் கடைசியாகப் புத்தகம் எடுத்த தேதி என்ன என்று மட்டும் பதிவேட்டில் பாருங்கள்.

தலைமையாசிரியரிடம்

‘உங்கள் பள்ளி எப்படி?’ என்றால் பாடமாகிப்போன பதில்தான் வரும். நடந்ததைக் கேளுங்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாசிக்கத் திணறினால் எந்த மாதத்தில் யார் கண்டுபிடிப்பார், வாரத்துக்கு எத்தனை முறை தனியாகச் சொல்லிக் கொடுப்பார்கள்? இந்த மொழி தெரியாமல் வரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் என்ன ஏற்பாடு. அதற்காக வெளியே கூட்டிப்போகும் நேரத்தில் எந்தப் பாடத்தை இழக்கிறது? போன ஆண்டு எந்தப் பாடம் சரியாகப் போகவில்லை, என்ன மாற்றினீர்கள்? இதில் கடைசிக் கேள்விக்கு ‘அப்படி எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் எனக்குப் போதும், அடுத்த பள்ளிக்குப் போய்விடலாம்.

பிள்ளைகளைத் துன்புறுத்தும் சம்பவங்கள், இடைநீக்கங்கள் எத்தனை என்றும் கேளுங்கள். ‘பூஜ்யம்’ என்பது நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. ஆயிரம் பிள்ளைகள் உள்ள இடத்தில் சண்டையே இல்லை என்றால் பதிவேடே இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். சில இடங்களில் பதிவு செய்யாமல் ‘இன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று அனுப்பிவிடுவார்கள். அது பெற்றோர்களைக் கேட்டால்தான் வெளியே வரும்.

பெற்றோர்களிடம்

இரண்டு ஆண்டுக்கு மேல் பிள்ளையை அங்கே படிக்கவைப்பவர்கள் மூவரைப் பிடியுங்கள். பள்ளி அலுவலகம் அறிமுகப்படுத்தும் பெற்றோர் இதில் சேர மாட்டார். முடிந்தால் ஒருவராவது சராசரிக்குக் கீழே படிக்கும் பிள்ளையின் பெற்றோராக இருக்கட்டும். ‘நல்ல பள்ளியா?’ என்று கேட்காமல், ‘கடைசியாகப் பள்ளியிலிருந்து எப்போது, எதற்காகப் போன் வந்தது? நீங்கள் ஒரு பிரச்சினையைச் சொன்னபோது எத்தனை நாளில் பதில் வந்தது? வெளியே டியூஷன் வைத்திருக்கிறீர்களா, எந்தப் பாடத்துக்கு?’ என்று கேளுங்கள். பள்ளியில் பாதிப் பேர் கணக்குக்கு டியூஷன் போகிறார்கள் என்றால், பட்டியலில் தெரியும் கணக்கு மதிப்பெண் யாருடைய உழைப்பு என்பதை யோசிக்க வேண்டியிருக்கும். அந்தப் பள்ளியில் பிள்ளையே இல்லாதவர்கள் சொல்லும் ‘அந்த ஸ்கூலா, வேண்டாம்பா’ பெரும்பாலும் பத்து ஆண்டுப் பழைய செய்தி.

முடிவெடுக்கும்போது

எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் அட்டவணை வேண்டாம். முக்கியமில்லாத பத்து நல்ல விஷயம் சேர்ந்து, முக்கியமான ஒரு குறையை மறைத்துவிடும். உங்கள் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க முடியாத மூன்றை மட்டும் முதலில் எழுதுங்கள். மொழி உதவி, பயண நேரம், வகுப்பில் அடி இல்லை என்பது போல எதுவாகவும் இருக்கலாம். அவற்றில் ஒன்றில் தவறும் பள்ளியை நீக்கிவிட்டு, மீதியில் வளர்ச்சி, வருகை, ஆசிரியர் நிலைப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். இரண்டு பள்ளிகள் ஏறக்குறைய சமமாக நின்றால் பக்கத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் வரிசைப்படுத்தச் சொன்னால், நகரத்தின் ஒதுக்கீட்டு விதியைப் படித்த பிறகு நிரப்புங்கள். சில முறைகளில் உண்மையான விருப்ப வரிசையைத் தருவதால் நஷ்டமில்லை. சிலவற்றில் முதல் இடத்தில் கிடைக்காத பள்ளியை எழுதினால் இரண்டாவதும் கைவிட்டுப் போகும். சேர்த்த பிறகு ஆறாவது வாரத்தில் நோட்டுகளை எடுத்துத் தேதிகளையும் திருத்தங்களையும் மறுபடி பாருங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் இன்னொரு பள்ளியின் இடத்தை அதுவரை விட்டுக்கொடுக்காதீர்கள்.